பாக்டீரியாவுக்குள் இருப்பது எலும்புக்கூடு இல்லை: மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

தண்டையார்பேட்டையில் என் வீட்டு மொட்டை மாடியில் சாயங்காலம் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். "பாக்டீரியாவுக்கு சைட்டோஸ்கெலிட்டன் கிடையாது" என்று யாராவது எழுதாத வருடமே இல்லை. சைட்டோஸ்கெலிட்டன் என்றால் செல்லுக்குள் இருக்கும் புரத இழைகளின் அமைப்பு. பழைய அட்டவணைகளை மனப்பாடம் செய்வதால் வரும் தவறு இது. வெந்நீரில் வாழும் ஒரு பாக்டீரியாவின் எம்ஆர்இ-பி என்ற புரதத்தின் வடிவம் 2001-ல் வெளியானது. அமினோ அமில வரிசையில் நம் தசையிலும், நம் செல்களின் சைட்டோஸ்கெலிட்டனிலும் இருக்கும் ஆக்டின் என்ற புரதத்தோடு ஒற்றுமை கொஞ்சம்தான். ஆனால் புரதம் மடிந்திருக்கும் விதம் அப்படியே ஆக்டினுடையது. வரிசையை மட்டும் பார்த்து உறவில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

சரி, இருக்கிறது என்று தெரிந்ததும் அடுத்த தவறு வருகிறது. காசிமேட்டிலிருந்து வரும் மாணவன் ஒருவன் கேட்டான்: "மிஸ், போட்டுக்குள்ள சட்டம் அடிச்சு, அது மேல பலகை அடிப்பாங்களே, அந்த மாதிரிதானே?" நல்ல கேள்வி. ஆனால் பாக்டீரியாவில் அப்படி இல்லை. லைசோசைம் என்ற நொதியைப் போட்டுச் செல் சுவரைக் கரைத்துவிட்டு, வெடிக்காமல் இருக்கச் சர்க்கரைக் கரைசலில் வையுங்கள். குச்சி வடிவ ஈ.கோலை பாக்டீரியா உருண்டையாகிவிடும். உள்ளே எம்ஆர்இ-பி இருந்தும் அதனால் வடிவத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை. சுவரை மட்டும் தனியே பிரித்தெடுத்தால் அது குச்சியாகவே இருக்கிறது. ஆக, வடிவத்தைத் தாங்குவது சுவர்தான்.

அப்படியானால் எம்ஆர்இ-பிக்கு என்ன வேலை? எங்கள் எதிர் மனையில் வீடு கட்டுகிறார்கள். கொத்தனார் இரண்டு முனையிலும் ஆணி அடித்து நூல் கட்டிவிட்டுத்தான் செங்கல் வரியை ஆரம்பிக்கிறார். நூல் எந்தச் சுவரையும் தாங்காது, ஆனால் அது இல்லாவிட்டால் வரி கோணிப்போகும். எம்ஆர்இ-பி அந்த நூல். சவ்வின் உட்பக்கம் ஒட்டிக்கொண்டு, புதுச் சுவர் குச்சியைச் சுற்றி வளையம் போல எழும்ப வழிகாட்டுகிறது. ஏ22 என்ற மருந்தால் அதைச் செயலிழக்க வைத்தாலும் செல் அந்த நொடியே உருண்டையாகாது. வளர வளர, கோணலாகக் கட்டிய சுவர் சேர்ந்துதான் உருண்டையாகிறது.

இன்னொரு தவறு படம் வரைவதில். செல்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஸ்பிரிங் மாதிரி சுருள் வரைகிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, 2001-ல் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவில் அப்படித்தான் தெரிந்தது. ஈ.கோலையிலும் சுருள் என்றே பல வருடம் நம்பினார்கள். செல்லின் அகலமே சுமார் ஒரு மைக்ரோமீட்டர். சாதாரண ஒளி மைக்ரோஸ்கோப்பால் 0.2 மைக்ரோமீட்டருக்குக் கீழ் பிரித்துக் காட்ட முடியாது. கிட்டக்கிட்ட இருக்கும் புள்ளிகள் ஒரே கோடாகத் தெரிந்துவிடும். 2011-ல் துல்லியமாகப் பார்த்தபோது, குட்டிக்குட்டித் துண்டுகள் செல்லின் குறுக்கே சுற்றி நகர்வது தெரிந்தது. சுவர் கட்டுவதைத் தடுக்கும் ஆன்டிபயாடிக் போட்டால் அந்த நகர்வும் நின்றது. கொத்தனார் வேலையை நிறுத்தினால் நூலும் நின்றுவிடுகிறது!

அப்புறம், ஈ.கோலையில் தெரிந்த சுருளுக்கு வேறொரு காரணமும் 2012-ல் வெளிவந்தது. பார்ப்பதற்காகப் புரதத்தின் முன்நுனியில் ஒட்டிய ஒளிரும் புரதமே சுருளை உண்டாக்கியிருந்தது. அதனால், பளபளவென்ற படத்தைப் பார்த்ததும் "எதை, எந்த நுனியில் ஒட்டினார்கள்?" என்று கேட்கப் பழகுங்கள். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

செல் பிரியும்போது நடுவில் வளையம் போடும் எஃப்டிஎஸ்-இசட் புரதத்தை ஆக்டின் குடும்பத்தில் சேர்க்காதீர்கள், அது நம் செல்களில் நுண்குழாய்களைக் கட்டும் டியூபுலின் என்ற புரதத்தின் உறவு. அதைச் சவ்வோடு இணைக்கும் எஃப்டிஎஸ்-ஏதான் ஆக்டின் வகை. வடிவத்துக்குச் சம்பந்தமில்லாத ஆக்டின் உறவுகளும் உண்டு: பிளாஸ்மிட்களை (தனியாக இருக்கும் குட்டி டிஎன்ஏக்களை) இரு பக்கமும் தள்ளும் பார்-எம், சில பாக்டீரியாக்களுக்குள் இருக்கும் காந்தத் துகள்களை வரிசையாக நிறுத்தும் மாம்-கே.

குச்சி வடிவம் என்றாலே எம்ஆர்இ-பி இருக்கும் என்றும் எழுதாதீர்கள். எங்கள் தெருவில் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டவர்கள் பலருக்குத் தெரிந்த டிபி கிருமியும் குச்சிதான், அதில் எம்ஆர்இ-பி கிடையாது. அதற்குப் புதுச் சுவர் சேர்வது இரண்டு நுனிகளில்.