பொது இடத்தை ஆக்கிரமிக்கும் குழுவிடம் பேசும் முறை

உணவகத்திலோ நூலகத்திலோ ஒரு குழு நாற்காலிகளை இழுத்துப் போட்டு வழியை அடைத்துக்கொண்டு கத்திப் பேசினால், கூட்டம் முழுவதையும் கண்டிக்காமல், அவர்களில் நிதானமாகத் தோன்றும் ஒருவரிடம் மட்டும் தாழ்ந்த குரலில், "இந்த நாற்காலியைச் சற்று நகர்த்த முடியுமா?" என்று குறிப்பான ஒன்றைக் கேளுங்கள். இரைச்சல் கூடும்போது மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியன் லொம்பார் 1911-இல் விவரித்தார். ஆகவே அவர்கள் கத்துவது எப்போதும் திமிரால் அன்று (சில வேளை திமிரேதான்), நீங்களும் கத்தினால் சத்தம் ஏறுமே தவிரக் குறையாது. பயனில்லையெனில், இருக்கைகளை மாற்றியமைக்கும் அதிகாரமுள்ள மேலாளரிடமோ பொறுப்பாளரிடமோ சொல்லுங்கள். குழுவினர் குடித்திருந்தாலோ சண்டைக்கு இழுத்தாலோ நேரில் கேட்கவே வேண்டாம். எழுந்து வேறிடம் சென்று, அங்கிருந்து புகார் செய்யுங்கள்.