காரைக் களிமண்ணில் சுறாப் பல் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூராக இருந்தாலே அது சுறாவின் புதைபடிவப் பல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பெரம்பலூர் மாவட்டம் காரையில் மழை அரித்த களிமண் மேடுகளில் கிடைக்கும் கூரான துண்டுகளில் பல பெலம்னைட்டுகள், அதாவது கணவாய் இனத்தின் பழைய உறவினங்களுடைய உள்ளோடுகள். உடைந்த முகத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். நடுவிலிருந்து ஆரக்கால் போலப் படிகக் கோடுகள் விரிந்தால் அது பெலம்னைட். சுறாப் பல்லில் வழுவழுப்பாகப் பளபளக்கும் மேற்பகுதியும், மங்கலாக நுண்துளைகளோடு இருக்கும் வேரும் தனித்தனியே தெரியும். ஒரு முகம் ஏறக்குறைய தட்டை. நாக்குப் பக்க முகம் புடைத்திருக்கும். ஜிப்சம் என்ற மென்மையான தாதுவின் தகடும் மின்னும், ஆனால் நகம் பட்டாலே அதில் கீறல் விழும்.

பெலம்னைட் வினிகரில் நுரைக்கும் என்பது உண்மைதான். அதற்காக முழு மாதிரியின் மேல் ஊற்றாதீர்கள், பல்லாக இருந்தால் வேர் அரிக்கும். தனியே உதிர்ந்த சில்லில் மட்டும் ஒரு சொட்டு விடுங்கள்.

கூரில்லாததைக் கல்லென்று வீசுவது இதைவிடப் பெரிய இழப்பு. காரையில் கிடைத்துள்ள டைக்கோடஸ் சுறாவின் பல் தட்டையானது. சிப்பிகளை நொறுக்குவதற்கான அதன் மேற்பரப்பில் வரிவரியாக மேடுகள் ஓடும்.

கறுப்பு நிறம் பழமைக்குச் சான்றல்ல, அது மண்ணிலுள்ள தாதுக்கள் ஏற்றியது. பெரிய பல்லெல்லாம் மெகலோடான் என்ற அழிந்துபோன ராட்சதச் சுறாவின் பல்லும் அல்ல. காரைப் படிவுகளின் வயது சுமார் 10 கோடி ஆண்டு. மெகலோடான் தோன்றியதோ 3 கோடி ஆண்டுகளுக்குள்தான். ஒரே சுறாவின் மேல்தாடைப் பல்லும் கீழ்த்தாடைப் பல்லும் வேறுபடும் என்பதால், ஒற்றைப் பல்லை வைத்து இனப்பெயர் சூட்டுவதும் அவசரமே.

எலும்பில் இன்னும் கவனம் வேண்டும். சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பால் ஆனது. அதில் பெரும்பாலும் எஞ்சுவது இருபுறமும் குழிந்த வட்டமான முள்ளெலும்பு வில்லைகளே. நாக்கில் ஒட்டினால் எலும்பு என்ற சோதனையைக் காரையில் நம்பவே வேண்டாம், காய்ந்த களிமண்ணும் ஒட்டும். உடைந்த முகத்தில் பஞ்சு போன்ற துளைகள் எலும்பைக் காட்டும். ஆண்டு வளையமோ நீண்ட நார்க்கோடோ தெரிந்தால் கல்மரம். அரியலூர் பக்கம் கல்லமேட்டில் கிடைத்து 1980களில் விவரிக்கப்பட்ட புருஹத்காயோசாரஸ் டைனோசரின் எலும்புகளையே கல்மரமோ என்று ஆய்வாளர்கள் ஐயப்பட்டார்கள். மாதிரிகள் சிதைந்துவிட்டதால் இன்று அவற்றை எடுத்துப் பார்க்கவும் வழியில்லை.

ஆகவே கத்தியால் சுரண்டாமல், அனுமதியின்றி எடுக்காமல், முதலில் படம் பிடியுங்கள்: இரு முகங்கள், பக்கவாட்டு, அருகில் அளவுகோல். ஜிபிஎஸ் புள்ளியையும், களிமண்ணில் பதிந்திருந்ததா ஓடையில் உருண்டு வந்ததா என்பதையும் அங்கேயே குறித்துவிடுங்கள்.