வீட்டில் ஒருவருக்குக் காசநோயா? தட்டைப் பிரிக்காதீர்கள்

முதலில் நோயாளிக்கென்று ஒதுக்கிய அந்தத் தனித் தட்டையும் தம்ளரையும் தூக்கி உள்ளே வையுங்கள், காசநோய் பாத்திரத்தாலோ துணியாலோ தொடுவதாலோ பரவாது, இருமும்போது காற்றில்தான் பரவும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அவர் முகக்கவசம் போடட்டும், மாத்திரையை மருத்துவர் சொன்ன நாள்வரை, வழக்கமாக 6 மாதம், விடாமல் சாப்பிடட்டும்.

சரி, கூடவே இருந்தால் நமக்கும் வந்துவிடாதா என்று மாமியார் கேட்டால், சென்னையில் 1950களில் நடந்த ஆய்வைச் சொல்லுங்கள்: வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களின் குடும்பத்தாருக்கு, சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களின் குடும்பத்தாரைவிட ஆபத்து கூடவில்லை.

பெண்ணுக்கு வந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று மறைக்கிறார்களே, அதுதான் மனதை அறுக்கிறது. மாத்திரையை ஒளித்துச் சாப்பிட வைக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுங்கள். அப்புறம், வீட்டில் எல்லோரும் அரசு மருத்துவமனையில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், இலவசம்தான்.