மூன்றும் ஒன்றாகப் பழுதானால்

குழாய் ஒழுகி, ஏர்கான் சொட்டி, கார் பேட்டரியும் படுத்துவிட்டதா? யாரையும் அழைக்குமுன் ஒரு துண்டுத் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கேளுங்கள்: காலைக்குள் இது மோசமாகுமா? குழாய் மட்டும்தான் ஆகும். அதற்கும் வால்வை மூடினால் சரி. ஏர்கானை அணைத்து அடியில் ஒரு வாளி. கார் வீவக (சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடி வீடுகள்) கார் நிறுத்தத்திலேயே தூங்கட்டும், காலையில் எம்ஆர்டி ரயில் இருக்கிறது.

இரவில் வரும் பழுதுபார்ப்பவர் பெரும்பாலும் கூடுதலாகக் கேட்பார். பதற்றத்தில் நாமும் பேரம் பேசாமல் தலையாட்டிவிடுவோம். காத்திருந்தால் அந்தக் காசு மிச்சம்.

வயர் தீய்ந்த வாடை, கேஸ் வாடை என்றால் தாளைத் தேடாதீர்கள்: வெளியே வந்து தீயணைப்பு அவசர எண் 995ஐ அழையுங்கள். கார் விரைவுச்சாலையில் நின்றுவிட்டாலும் காலைவரை காத்திருக்க முடியாது. ஆனால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இழுவை வண்டி அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்தம்வரை இலவசம்.