தோ பாயோ பயத்தோட சுவா சூ காங்ல வீடு வாங்காதீங்க

போன வாரம், சிங்கப்பூர்ல ரீசேல் வீடு, அதாவது ஏற்கனவே ஒருத்தர் இருந்து விக்கிற வீவக (அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு தேடுற ஒரு தம்பி கேட்டாரு, "அண்ணே, ரீசேல் வெலையெல்லாம் ஏறிக்கிட்டே போகுதாமே, கேட்டதக் குடுத்து சட்டுனு முடிச்சிடவா"ன்னு. எந்தப் பக்கம்பான்னா சுவா சூ காங்காம். அவரு பாத்த புளோக்குலயே அன்னிக்கு நாலு வீடு விக்கக் கெடந்துச்சு, ஆனா மனுசன் பயந்துகிட்டு இருந்தது தோ பாயோல வீடு தேடுன கூட்டாளி சொன்ன போட்டிக் கதையக் கேட்டு. ரீசேல் வாங்குறவங்க பண்ற முதல் தப்பே இதுதான், ஒரு பேட்டை காய்ச்சல இன்னொரு பேட்டைக்குத் தூக்கிட்டுப் போறது.

2024ல பத்து லட்சம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல கைமாறுன வீவக வீடு ஆயிரத்தத் தாண்டிடுச்சு, செய்தியில அதத்தான் போடுவாங்க. ஆனா அந்த வருச மொத்த ரீசேல்ல அது நூத்துக்கு நாலு கூட வராது, அதுலயும் நெறைய பீஷான், தோ பாயோ, குவீன்ஸ்டவுன், புக்கிட் மேரா மாதிரி டவுனுக்குப் பக்கத்துல இருக்குற முதிர்ந்த பேட்டைங்க. அங்க வீடு கம்மி, கேக்குற ஆளு ஜாஸ்தி. பொங்கோல், செங்காங் பக்கம் கதை வேற, ஒரே சமயத்துல சாவி வாங்குன புளோக்குங்க எல்லாத்துக்கும், அஞ்சு வருசம் குடியிருந்தாதான் விக்கலாம்ங்கிற கெடு ஒண்ணாத்தான் முடியும், முடிஞ்சதும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி நாலறை வீடுங்க வரிசையா விக்க வரும். அங்க போயி முதல் ஆளா நின்னு, "வேற ஆளும் பாக்குறாங்க"ன்னு ஏஜென்ட் சொன்னதும் வெலைய ஏத்துறது வீண் அவசரம். வீவக வெப்சைட்ல புளோக் நம்பரப் போட்டா சமீபத்துல எந்த மாடிவாக்குல என்ன வெலைக்குப் போச்சுன்னு சும்மாவே காட்டும், அதப் பாக்காம பேட்டை சராசரிய மட்டும் வச்சு பேரம் பேசுறவங்கதான் பாதிப் பேரு.

அடுத்தது நம்ம ஆளுங்க அதிகமா மாட்டுறது, நானே மாட்டுனது. இன ஒதுக்கீடு, அதாவது ஒரு புளோக்ல ஒவ்வொரு இனத்துக்கும் இத்தன வீடு வரைக்கும்தான்ங்கிற வரம்பு. 1989லேர்ந்து இருக்கு, எல்லாருக்கும் தெரியும், ஆனா வீட்டப் பாத்து மனசு விழுந்த பெறகுதான் ஞாபகம் வரும். ஒரு புளோக்ல இந்தியரும் மத்தவங்களும் சேர்ந்து 15 விழுக்காடு வரைக்கும்தான், அக்கம்பக்கம் முழுசையும் எடுத்தா 12. சீனருக்கு புளோக்ல 87, மலாய்க்காரங்களுக்கு 25. நம்ம கணக்கு நெறஞ்சிருந்தா அங்க நாம இந்தியர், இல்லன்னா அந்த 'மத்தவங்க' பிரிவு ஆளு கிட்ட மட்டும்தான் வாங்க முடியும்.

நாங்க ஈசூன்ல ஒரு சீன அங்கிள் வீட்டப் பாத்தோம், மூணு சனிக்கிழம அலஞ்சு வெலையும் பேசி முடிச்சாச்சு, டீ கூட குடிச்சாச்சு, அப்புறம்தான் ஏஜென்ட் செக் பண்றாரு, இந்தியர் கணக்கு ஃபுல். ரெண்டு மாடி கீழ ஒரு இந்தியர் வீடும் விக்க இருந்துச்சு, ஆனா அவரு 20,000 வெள்ளி கூடக் கேட்டாரு. ஏன் கேக்க மாட்டாரு, அந்த புளோக்ல நொழயணும்னா நாம அவர மாதிரி ஆளு கிட்டதான் போயாகணும்னு அவருக்குத் தெரியுமே. வெளிய பாத்தா அமைதியான பேட்டை, ஆனா நமக்கு மட்டும் அங்க போட்டி.

இதுக்கு நேர்மாறாவும் நடக்கும். சீனர் கணக்கு நெறஞ்ச புளோக்ல இந்தியர் ஒருத்தர் விக்கணும்னா சீனருக்கு விக்க முடியாது, வாங்குற கூட்டத்துல பெரும்பங்கு அப்டியே காணாமப் போயிடும், அதனால வெலை எறங்கும். வாங்குறப்ப நமக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா பத்து வருசம் கழிச்சு விக்கிறப்ப அந்த நாற்காலில நாமதான் உக்காரணும், இத யோசிக்காம "சீப்பா கெடச்சுது"ன்னு வாங்குனவங்க எனக்கே ரெண்டு பேரத் தெரியும். இந்தக் கணக்கு ஒவ்வொரு மாசமும் 1ஆம் தேதி மாறும், போன மாசம் பாத்தத வச்சுக்கிட்டு ஆப்ஷன் (முன்பணம் குடுத்து வீட்ட நமக்குன்னு பிடிச்சு வைக்கிற பத்திரம்) போடாதீங்க. பிஆர், அதாவது நிரந்தரவாசி குடும்பங்களுக்கு (மலேசியர் தவிர) இதுக்கு மேல தனியா ஒரு பிஆர் ஒதுக்கீடும் உண்டு, அதயும் சேத்துப் பாக்கணும்.

இப்ப சிஓவி, அதாவது மதிப்பீட்டுக்கு மேல கையிலேர்ந்து குடுக்குற ரொக்கம். 2014 மார்ச்சுக்கு அப்புறம் வெலைய முதல்ல பேசி முடிச்சு, ஆப்ஷன் கையில வாங்குன பெறகுதான் வீவக கிட்ட மதிப்பீடு கேக்க முடியும். 620,000க்கு ஒத்துக்கிட்டீங்க, மதிப்பீடு 590,000னு வருதுன்னா அந்த 30,000 வெள்ளியும் ரொக்கம், சிபிஎஃப்பும் (சம்பளத்துல பிடிக்கிற கட்டாயச் சேமிப்பு) தொடாது, கடனும் தொடாது. கடனும் 590,000ல 75 விழுக்காடுதான், 2024 ஆகஸ்ட்லேர்ந்து வீவக கடனுக்கும் அதே அளவுதான். போட்டி இருக்குற பேட்டைல சிஓவி குடுக்க வேண்டி வரலாம், அது ஞாயம். ஆனா ஆளே வராத வீட்டுக்கு, பீஷான்ல குடுக்குறாங்கன்னு நாமளும் குடுக்குறது யாரு தலையெழுத்து? மதிப்பீடு ரொம்பக் கொறஞ்சா ஆப்ஷன் காசோட விட்டுட்டு வந்துடலாம், அது 1,000 வெள்ளிக்கு மேல இருக்காது. வலிக்கும், ஆனா 30,000 அளவுக்கு வலிக்காது.

சூடான பேட்டைல தேடுறவங்க எச்எஃப்ஈ கடிதம் (வீடு வாங்க, கடன் வாங்கத் தகுதி என்னன்னு வீவக குடுக்குறது) இல்லாம வீடு பாக்கப் போறதும் வீண் அலைச்சல், அது இல்லாம ஆப்ஷனே வாங்க முடியாது, விக்கிறவரு அடுத்த ஆளு கிட்ட போயிடுவாரு.

பழைய வீடு ஆசை ஒண்ணு இருக்கு. குவீன்ஸ்டவுன்ல, தோ பாயோல எழுவதுகள்ல கட்டுன வீடு, எம்ஆர்டி பக்கம், வெலையும் பரவால்லையேன்னு தோணும். வீவக வீடு குத்தகைக்குத்தான், மிச்சக் குத்தகை வருசத்தையும் உங்க வயசையும் கூட்டிப் பாருங்க. ரெண்டு பேர் சேர்ந்து வாங்குனா வயசு கம்மியானவரு 95 வயசு வரைக்கும் குத்தகை தாங்கலன்னா சிபிஎஃப் முழுசா எடுக்க முடியாது. 30 வயசுக்காரரு 50 வருசம் மிச்சம் இருக்குற வீட்ட வாங்குனா 80தான் வருது, கணக்கு எடுபடல. அவரு விக்கிறப்ப வர்ற இளசுங்களுக்கு இன்னும் மோசமா எடுபடாது. லொகேஷன் டிமாண்ட் அப்டியே இருக்கும், வாங்க முடிஞ்ச ஆளுதான் கொறஞ்சுகிட்டே போவாங்க.

உட்லண்ட்ஸ் பக்கம் ஜோகூர் ரயில் வருது, மேக்குப் பக்கம் ஜூரோங் வட்டார ரயில் வருதுன்னு வாங்குறவங்களும் இருக்காங்க. வரட்டும், நல்லதுதான். ஆனா அது விக்கிறவருக்கும் தெரியும், வெலைல ஏற்கனவே ஏத்தியிருப்பாரு. நீங்க தெனம் அதுல ஏறப் போறீங்களான்னு மட்டும் பாருங்க.

நாங்க கடைசில செங்காங்ல வாங்குனோம். மூணு மாசமா விக்காம கெடந்த வீடு, 18,000 வெள்ளி கொறச்சாங்க, சிஓவி ஒரு காசு கெடையாது, மாமியார் வீடு நாலு கிலோமீட்டருக்குள்ள இருந்ததால 20,000 வெள்ளி மானியமும் கெடச்சுது. எந்த ஜன்னலத் தொறந்தாலும் எதிர் புளோக் கொடித்துணிதான் தெரியுது, அதனாலதான் மூணு மாசம் யாரும் எடுக்கல போல. மாமியாருதான் வாரத்துல அஞ்சு நாள் வந்துடுறாங்க, அத எந்த மதிப்பீட்டுலயும் சேக்கல.