மாசியில் கண்மாய்க்கு: முதல்முறை பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு

பறவை பார்க்கத் தொடங்க எந்த மாதம் நல்லது என்று குழுவில் புதிதாகச் சேருபவர்கள் கேட்டால், நான் மாசியைச் சொல்வேன். மழைக்காலத்தில் நிறைந்து கிடந்த செட்டிநாட்டுக் கண்மாய்கள் அப்போது வற்றத் தொடங்கியிருக்கும். குறைந்த நீரில் மீன்கள் நெருங்கிக் கிடப்பதால் நாரைகளும் கொக்குகளும் ஒரே இடத்தில் கூடும். வலசை வந்த வாத்துகள் இன்னும் கிளம்பியிருக்காது. கூட்டம் கூட்டமாகக் கண்முன் நிற்கும்போது புதியவர்களுக்கும் அடையாளம் காண்பது சுலபம்.

1. இடம்

காரைக்குடிப் பக்கம் இருப்பவர்கள் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் போகலாம். திருப்பத்தூரிலிருந்து மேலூர் போகும் வழியில், கொள்ளுக்குடிப்பட்டி ஊரை ஒட்டி இருக்கிறது. 1977-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதைக் காத்து நிற்பது அந்த ஊர்தான். கண்மாய்க் கருவேல மரங்களில் அடையும் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குக்கூட அங்கே வெடி வெடிப்பதில்லை. அந்த மண்ணில் நாம் விருந்தாளிகள், அந்த மரியாதையோடு போவோம்.

அவ்வளவு தூரம் போக முடியாதா? உங்கள் ஊர் ஊருணியே போதும். முக்குளிப்பானும் மீன்கொத்தியும் அங்கேயே கிடைக்கும்.

2. கையில் என்ன

தண்ணீர், தொப்பி, சின்ன நோட்டு, பேனா. காலுக்கு மூடிய செருப்பு, கரையெல்லாம் கருவேல முள். சட்டை பச்சை, காக்கி, பழுப்பு என்று மங்கலாக இருக்கட்டும், வெள்ளை வேண்டாம். பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8x42 வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம். பத்து மடங்கு என்றால் புதிய கைக்கு ஆட்டம் கூடும்.

3. பைனாகுலரைப் பழக்குவது

இதை வீட்டு மாடியிலேயே செய்து பார்த்துவிடுங்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் உள்ள சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அப்புறம் இடது கண்ணை மூடி, வலப்பக்கக் கண்வில்லையில் இருக்கும் வளையத்தைத் திருப்புங்கள். அது உங்கள் கண்ணுக்கான அளவு, அதற்குப் பிறகு நடுச்சக்கரம் மட்டும் போதும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண்வைக்கும் ரப்பரை உள்ளே இறக்கிவிட வேண்டும்.

பறவையை முதலில் வெறுங்கண்ணால் பிடியுங்கள். பார்வையை அதன்மேலிருந்து எடுக்காமல் பைனாகுலரை மட்டும் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். பைனாகுலருக்குள் பறவையைத் தேடினால் வானம்தான் தெரியும்.

4. கரையில் நிற்பது

காலை 6 மணிக்குள் கண்மாய்க்கு வந்துவிட வேண்டும். கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். வெயில் முதுகில் இருந்தால்தான் நிறம் தெரியும், எதிர்வெயிலில் எல்லாமே கறுப்புப் பறவை. வழியில் ஆடு மேய்ப்பவர் இருந்தால், "அண்ணே, இப்ப எந்தப் பக்கம் நிறைய இறங்குது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் மடைப்பக்கம் பெரும்பாலும் தப்பாது.

இனி, இடத்தை விட்டு நகராதீர்கள். அரைமணி நேரம் ஒரே இடத்தில் நின்றால் பறவைகள் உங்களைப் பொருட்படுத்தாது. எண்ணிக்கை சேர்க்க ஓடுகிறவர்களைவிட, ஒரு நாரையை நின்று பார்த்தவர்தான் அதை அடுத்தமுறை மறக்கமாட்டார்.

5. எதைப் பார்ப்பது

அளவு, அலகு, கால், நடத்தை என்ற வரிசையில் கவனியுங்கள், நிறம் கடைசி. அலகின் நடுவே இடைவெளி தெரிந்தால் நத்தைகுத்தி நாரை. அலகின் நுனி கரண்டிபோல் தட்டையாக, தண்ணீரில் இடமும் வலமும் துழாவினால் கரண்டிவாயன். கீழ்நோக்கி வளைந்தால் அரிவாள் மூக்கன். உடல் மூழ்கிக் கழுத்து மட்டும் பாம்புபோல் மேலே வந்தால் பாம்புத்தாரா.

மாசிக்கென்றே ஒரு காட்சி உண்டு, பறவைகள் உடை மாற்றும் காலம் இது. வலசை வாத்துகளில் ஒன்றான நீலச்சிறகியில் ஆணுக்குக் கண்ணுக்கு மேல் வெள்ளைப் பட்டை பளிச்சென்று இருக்கும். மழைக்காலத்தில் வந்திறங்கியபோது இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது. மாடுகளோடு திரியும் உண்ணிக்கொக்குகளில் சிலவற்றின் தலையில் மஞ்சள் கலந்த ஆரஞ்சு ஏறத் தொடங்கும். மங்கிய மடையான் என்னும் குளத்துக் கொக்குகள் சிலவற்றுக்கு முதுகு அடர்ந்த செம்பழுப்பாகும். இதைக் காணும்போது எனக்கு ஒவ்வோர் ஆண்டும் மனசு நிறைந்துவிடுகிறது.

6. செய்யக்கூடாதது

கூடு உள்ள மரத்தடிக்குப் போகாதீர்கள். தாய்ப்பறவை எழுந்து போனால் குஞ்சு வெயிலில் வாடும், காக்கையும் தூக்கிப்போகும். செல்போனில் பறவைக் குரல் போட்டு அழைப்பதும் வேண்டாம்.

7. பதிவு

9 மணிக்கு வெயில் ஏறியதும் நிழலில் உட்கார்ந்து, எல்லோருடைய நோட்டையும் சேர்த்து வாசியுங்கள். இ-பேர்ட் செயலியில் இடம், நேரம், இனம், எண்ணிக்கை ஏற்றலாம். பெருங்கூட்டத்தைப் பத்துப் பத்தாக மதிப்பிடுங்கள். பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் உலகளாவிய பறவைக் கணக்கெடுப்புக்கு 15 நிமிடம் பார்த்த பட்டியலே போதும். பெயர் உறுதியாகத் தெரியாத பறவையை ஊகித்து எழுத வேண்டாம். 'வாத்து வகை' என்று மட்டும் குறித்துவிட்டு, அலகும் காலும் எப்படி இருந்தன என்று பக்கத்தில் எழுதி வையுங்கள், குழுவில் பழகியவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.