பைதன் சூழல்கள்: ஒரே பிரதி போதும்

பைதன் நிரல்மொழித் திட்டங்களுக்குத் தனித்தனிச் சூழல் (அந்தந்தத் திட்டத்தின் தொகுப்புகளைத் தனியே வைக்கும் கோப்புறை) அமைப்பவர்கள் ‘யூவி’ (uv) கருவிக்கு மாறிவிடுங்கள். திட்டக் கோப்புறைக்குள் ‘யூவி வென்வ்’ (uv venv) என்று கட்டளை கொடுத்தால் சூழல் தயார். பிறகு ‘யூவி பிப் இன்ஸ்டால்’ (uv pip install) என்று தொகுப்புகளை (பிறர் எழுதிய ஆயத்த நிரல்களை) நிறுவலாம்.

பைதனின் வழக்கமான நிறுவு கருவியான பிப்பும் (pip) இறக்கியதைச் சேமித்து வைக்கும். ஆனால் ஒவ்வொரு சூழலுக்கும் அதைப் புதிதாக விரித்து எழுதும். 2024இல் வெளிவந்த யூவியோ, விரித்த தொகுப்பைப் பொதுச் சேமிப்பிடத்தில் வைத்து, விண்டோஸில் ‘ஹார்ட் லிங்க்’ மூலம் (வட்டில் உள்ள ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர் கொடுத்து) இணைக்கிறது. பத்துத் திட்டங்களில் தரவு அலசும் பாண்டாஸ் தொகுப்பின் ஒரே பதிப்பு இருந்தாலும் வட்டில் ஒரு பிரதிதான். ‘ஆஃப்லைன்’ (--offline) தெரிவைச் சேர்த்தால், ஏற்கெனவே இறக்கியவற்றை இணையமின்றியே நிறுவும். கைபேசி டேட்டாவை மடிக்கணினிக்குப் பகிர்ந்து படிக்கும் யாழ்ப்பாண மாணவர்களுக்கு இது உண்மையான பண மிச்சம்.

சேமிப்பிடம் சீ டிரைவிலும் திட்டம் டீ டிரைவிலும் இருந்தால் நகல்தான் எடுக்கப்படும், இடம் மிஞ்சாது. பைதன் பதிப்பை மாற்றினால் நம்பை (NumPy) போன்ற தொகுப்புகளை மீண்டும் இறக்க நேரும். முக்கியமாக, நிறுவிய தொகுப்பின் கோப்புகளை நேரடியாகத் திருத்தாதீர்கள்: அந்த மாற்றம் மற்றச் சூழல்களையும் பாதிக்கும்.